நிலவிலும் அடுப்படியிலும் – தொண்டைமானாற்றில் சில உரையாடல்களும் ஒரு சிறுகதையும்

ஈழத்துத் தமிழ்ச் சிறுகதை பற்றி எழுதப் புகுந்தோரிற் பெரும்பாலோர் என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்னும் கதையைக் குறிப்பிடத் தவறியதில்லை. 1950களின் தொடக்கத்தில் எழுதப்பட்டு, 1962ஆம் ஆண்டு வெளிவந்த அதே பெயருடைய தொகுதியில் இடம்பெற்ற இக்கதையின் உள்ளீடு மிகச் சுருக்கமானது. மதுவிலக்குப் பிரசாரகர் ஒருவர் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் ஊரிற் சென்று பேசிவிட்டு வருகிறார். அவரது பேச்சினால் ஈர்க்கப்பட்ட அவ்வூரவர் சிலர் மேலும் உரையாட விரும்பி அவரைத் தேடி வீட்டுக்கு வருகின்றனர். வந்தவர்களை உள்ளே அழைத்து இருத்தவேண்டிய இக்கட்டு எழுகின்றது. நல்ல நிலவு எறிக்கின்றது, வெளியே சென்று நிலவிலே பேசுவோம் என்று அவர் அவர்களை அழைத்துச் செல்கின்றார். கதை இவ்வளவே.

இக்கதையை விமரிசகர்கள் வழக்கமாகச் சீர்திருத்தவாதியின் போலித்தனத்தைத் தோலுரிப்பது என்று வகைப்படுத்துவர். நாமும் பல காலம் அவ்வாறே வகுப்பறையிற் சொல்லி வந்தோம். இன்று மீண்டும் படிக்குமிடத்து அவ்வகைப்பாடு கதையின் கூர்மையை மழுக்கிவிடுகின்றது என்றே தோன்றுகின்றது. போலியானவன் தான் போலி என்பதை அறிந்தவன். ஆகையால் அவனை அம்பலப்படுத்துவது எளிது. இக்கதையின் பிரசாரகரை அவ்விதம் ஒதுக்கிவிட முடியாது. மாலை முழுவதும் நடந்து சென்று பேசியவர் அவர். கள்ளினால் அழியும் குடும்பங்களைப் பற்றிய அவரது கவலையை ஐயுறக் கதையில் இடமில்லை. அன்று நிலவு இருந்ததும் மெய். நிலவில் அமர்ந்து பேசுவது இன்பமானது என்பதும் மெய். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மெய்யாக இருக்கையில் அவற்றின் மொத்தப் பொருள் மட்டும் ஓர் அவமதிப்பாகிவிடுகின்றது. தமிழ்க் கவிதை மரபில் நிலவு கூடலோடும் பிரிவோடும் இணைந்தது. அந்த நிலவை ரகுநாதன் ஒரு சுவராக்கிவிட்டார். அச்சுவரைக் கட்டியவர் தாம் கட்டியது சுவர் என்பதையே அறியார்.

இக்கட்டுரை அச்சுவரைப் பற்றியது. தன்னை மாற்ற முனைவோரும் சமூகத்தை மாற்ற முனைவோரும் பிறரோடு நிகழ்த்தும் உரையாடல்களில் என்ன பேசப்பட்டது என்பதை நம் இலக்கியமும் ஆய்வும் ஓரளவு பதிந்துள்ளன. அது எங்கே, யாருடைய இடத்தில், யார் யாரை இருத்திப் பேசப்பட்டது என்பதை அரிதாகவே பதிந்துள்ளன என்பது எமது கருத்து. இதற்குச் சான்றாகச் சில நூல்களோடு, தொண்டைமானாற்றில் நாமும் எம் மாணவர் இருவரும் கடந்த ஆவணியில் நிகழ்த்திய சில உரையாடல்களையும் எடுத்துக்கொள்கின்றோம். அவ்வுரையாடல்களில் எமது பங்கும் விமரிசனத்துக்குரியதே.

முதலில் மரபைச் சிறிது நோக்குவோம். இடம் பற்றிய பிரக்ஞை முன்னோருக்கு இல்லாதது அன்று. சேக்கிழார் திருநீலநக்க நாயனார் வரலாற்றைச் சொல்லும்போது, ஞானசம்பந்தரோடு வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் துணைவியாரும் இரவு தங்குவதற்கு அந்தணராகிய நீலநக்கர் தம் இல்லத்தில் எந்த இடத்தைக் கொடுத்தார் என்பதை விட்டுவிடவில்லை. வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் அருகே இடம் கொடுக்கப்பட்டது. தீ முன்னிலும் சிறந்து வலஞ்சுழித்து எழுந்தது என்பது புராணம். அற்புதத்தை நம்புவோர் நம்புக. நமக்கு முக்கியம், பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவர் ஒருவர் பாணர் எங்கே படுத்தார் என்பதை எழுதத்தக்க செய்தியாகக் கருதினார் என்பதே. கிரேக்கத்திலும் இதற்கு இணை உண்டு. நீதியான அரசு எது என்று பிளேட்டோவின் குடியரசில் நிகழும் நெடும் விவாதம், ஏதென்சின் குடியுரிமை இல்லாத சிரக்கியூசைச் சேர்ந்த கெபலசு என்பவரின் மகன் பொலமார்க்கசின் வீட்டிலேயே நடைபெறுகின்றது. நகரத்தின் நீதியை நகரத்துக்குரியவனல்லாதவன் வீட்டில் இருந்து பேசினர். அந்நூலைப் பாடமாகக் கற்பிப்போர் எத்தனைபேர் இதில் ஒரு கணம் நிற்கின்றனர்?

யாழ்ப்பாணத்தின் இருபதாம் நூற்றாண்டுச் சமூக வரலாற்றை இருக்கைகளின் வரலாறாகவே எழுதிவிடலாம். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின் வாலிப காங்கிரசாகிய இயக்கம், தீண்டாமைக்கு எதிராகக் குரல்கொடுத்தது. அவ்வியக்கத்தின் அழைப்பில் 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடசாலைகளில் சம ஆசனம் என்ற கோரிக்கை எழுந்தபோது, நிலத்தில் இருந்த பிள்ளை வாங்கில் ஏறியமைக்காகப் பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. தேநீர்க்கடையில் சிரட்டையும் போத்தலும் இருந்தன. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அடுத்த ஆண்டு உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968இன் மாவிட்டபுரப் போராட்டமும் சிரட்டையைக் கடையிலிருந்து அகற்றின. கோயிற் கதவுகளைத் திறப்பித்தன. இவற்றின் பெறுமதியை எவ்வளவு சொன்னாலும் தகும். ஆயின் இவை யாவும் பொது இடங்கள். பாடசாலை, கடை, கிணறு, கோயில். வீட்டு வாசற்படியைச் சட்டமும் தொடுவதில்லை. ஊர்வலமும் அதன்முன் நிற்பதில்லை. அதைத் தாண்டுவதற்கு உள்ளேயிருந்து ஒருவர் அழைக்கவேண்டும், வெளியேயிருப்பவர் செல்லவேண்டும். ரகுநாதன் 1950களிலேயே அந்த வாசற்படியில் தம் கதையை நிறுத்தினார் என்பதை நோக்க, அவரது பார்வை காலத்தை முந்திச் சென்றது எனலாம்.

வடமராட்சியைச் சேர்ந்த இதே எழுத்தாளரே பின்னர் 'கந்தன் கருணை' என்ற நாடகத்தையும் எழுதினார். மாவிட்டபுர நிகழ்வுகளின் பின்னணியில், இளைய பத்மநாதனும் அம்பலத்தாடிகள் குழுவினரும் அதனைக் கூத்து வடிவிற் பல இடங்களில் ஆடினர். முருகனையே போராடுவோர் பக்கம் இறக்கிவிட்ட அந்நாடகம் பெற்ற வரவேற்பு, போராட்ட காலத்தின் தேவையோடு தொடர்புடையது. திறந்த வெளியில் நின்று பலர் கூடிப் பார்க்கும் கூத்துக்கு வாசற்படி இல்லை. ஆகவே அது வெளிப்படையாகப் பேசிற்று, வெற்றியும் கண்டது. சிறுகதையோ வீட்டு வாசலில் நின்று தயங்கிற்று. இரண்டையும் ஒருவரே எழுதினார் என்பதை நம் விமரிசனம் போதிய அளவு பொருட்படுத்தவில்லை. கூத்தைப் போராட்ட இலக்கியம் என்றும் கதையைச் சீர்திருத்தவாத எதிர்ப்பு என்றும் வெவ்வேறு பெட்டிகளில் இட்டுவிட்டோம்.

கே. டானியலின் 'பஞ்சமர்' முதலான நாவல்களில் உரையாடல் பெருமளவு இடம்பெறுவது யாவரும் அறிந்தது. 1962, 1963ஆம் ஆண்டுகளில் மரபுப் போராட்டம் மூண்டபோது, பேச்சுவழக்கை இழிசினர் வழக்கென்று பண்டிதர் சிலர் புறந்தள்ள முயன்றனர். அதை மீறி அம்மொழியை அச்சிலேற்றிய முற்போக்கு எழுத்தாளரின் சாதனையை மறுப்பதற்கில்லை. அச்சில் ஏறியதும் ஓர் ஆசனம் பெற்றதுதான். எனினும் ஒன்று கூறவேண்டும். டானியலிடத்தும் அவர் வழிவந்தோரிடத்தும், போராட்ட உணர்வு பெற்ற பாத்திரம் வாய் திறக்கும்போது உரையாடல் உரையாகிவிடுவதுண்டு. ஒருவர் பேச மற்றவர் தலையசைப்பர். எதிரே இருப்பவர் கேட்கும் கேள்வி, அடுத்த பந்தியை அவிழ்த்துவிடுவதற்காகவே கேட்கப்படும். மதுவிலக்குப் பிரசாரகரின் மேடையை இடித்த அதே இலக்கியம் இன்னொரு மேடையைக் கட்டிக்கொண்டது என்று சொன்னால் நண்பர்கள் கோபிக்கக்கூடும். பௌலோ பிறேயிரே பிறேசிலில் எழுத்தறிவிப்பை வகுப்பறையிலிருந்து பண்பாட்டு வட்டங்களுக்கு மாற்றியபோது முதலில் மாறியது இருக்கைகளின் அமைப்பு என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும்.

தன்னை மாற்றுதல் என்ற பக்கத்திலும் நிலைமை வேறன்று. கொழும்புத்துறையில் ஒரு சிறு குடிலில் வாழ்ந்த யோகர் சுவாமிகளை (1872–1964) நாடிச் சென்றோர் பலர். ஆளுநர் நாயகமாயிருந்த சோல்பரி பிரபுவின் மைந்தரும் அவருள் ஒருவர். பின்னாளிற் சந்தசுவாமி எனப் பெயர் பெற்றவர். ஜேர்மன் சுவாமி என மக்கள் அழைத்த கௌரிபாலாவும் யோகர் வழிவந்தவரே. அவர் தொண்டைமானாற்றுச் சந்நிதியை அண்மி ஆச்சிரமம் அமைத்து வாழ்ந்து 1984இல் மறைந்தார். இவர்களைப் பற்றி நாம் படித்த நினைவுக்குறிப்புகள் குரு கூறிய ஒரு வாக்கியத்தைப் போற்றிப் பேணுகின்றன. அவ்வாக்கியம் கூறப்பட்ட பொழுது பாயில் யார் இருந்தார், வாசலில் யார் நின்றார் என்பது பெரும்பாலும் இல்லை. ஐரோப்பியர் ஒருவர் நிலத்தில் அமர்ந்தது வியப்பாகப் பதியப்படுகின்றது. அயலூர்க் கூலியாள் எங்கே அமர்ந்தார் என்பது எவருக்கும் வியப்பாகத் தோன்றவில்லைப் போலும். முற்போக்காளர் ஆன்மிகத்தைத் தனிமனிதத் தப்பித்தல் என்றனர். ஆன்மிகர் அரசியலைப் புறமாற்றம் என்றனர். இரு சாராரும் தத்தம் குறிப்பேடுகளில் ஒரே பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கின்றனர்.

தொண்டைமானாற்றை நாம் தேர்ந்தமைக்கு இதுவே காரணம். கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த ஆறு என்று வைபவமாலை கூறும் அந்நீரேரி கடலோடு சேருமிடத்தை அண்டிய சிற்றூர் அது. கடல்நீர் உட்புகாமற் காக்க உவர்நீர்த் தடுப்பணை ஒன்று அங்கு உண்டு. கரையில் செல்வச்சந்நிதி முருகன் கோயில். சின்னக் கதிர்காமம் என்றும், அன்னதானக் கந்தன் என்றும் வழங்குவர். மருதர் கதிர்காமர் என்ற மீனவரை முருகன் ஆட்கொண்டு வேல் கொடுத்த கதையே இக்கோயிலின் தொடக்கம். இங்கு பிராமணக் குருக்கள் இல்லை, ஆகம மந்திரமும் இல்லை. பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். ஆலிலையில் அமுது படைக்கப்படும். கோயிலைச் சூழ மடங்கள். மடங்களில் வருவோர்க்கெல்லாம் சோறு. 1986இல் தேர் தீக்கிரையாயிற்று, 1987இல் வடமராட்சி இராணுவ நடவடிக்கை, பின்னர் இடப்பெயர்வுகள். இவ்வளவுக்கும் பிறகு மடங்களில் உலை கொதிக்கின்றது. சந்நிதியான் ஆச்சிரமம் நாள்தோறும் அன்னமிடுவதோடு 'ஞானச்சுடர்' என்ற மாத இதழையும் வெளியிட்டு வருகின்றது. இதே ஊரின் பெயரைத் தாங்கிய வெளிக்கள நிலையம், வடபகுதியின் உயர்தர மாணவர்க்கு அதன் பரீட்சைத்தாள்களின் மூலம் பழக்கமானது. ஆன்மிகமும் அறிவியலும் தொண்டும் நடந்து செல்லும் தூரத்துள் இருக்கும் ஊர் ஒன்றில், மாற்றத்துக்காக உழைப்போர் எவ்வாறு பேசுகின்றனர் என்று கேட்க எண்ணினோம்.

நாம் பேசியோருள் நால்வரை மட்டும் இங்கு குறிப்பிடுகின்றோம். பெயர்கள் வேண்டியதில்லை.

முதலாமவர் இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவர். விடுமுறை நாள்களிலும் மாணவரை அழைத்துக்கொண்டு கடற்கரைச் சேற்றில் இறங்கியவர். தம் மாணவர் எத்தனைபேர் வைத்தியராயினர் என்று எண்ணிக்கை சொல்லக்கூடியவர். ஒரு கட்டத்தில் தாமாகவே நிறுத்திச் சொன்னார்: "நாங்கள் பெடியளுக்குப் படிப்பிச்சம். அதுகளோடை கதைச்சது குறைவு." இதனை அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை. ஒரு பரிசோதனையின் முடிவைச் சொல்லும் தொனியிற் சொன்னார்.

இரண்டாமவர் மடமொன்றில் பல ஆண்டுகளாகச் சமையலுக்கு உதவும் முதியவர். அவரிடம் நாம் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் வீணாயின. தொண்டு உங்களை எவ்வாறு மாற்றியது என்று மாணவர் ஒருவர் கேட்க, அவர் வாழைக்காய் சீவிக்கொண்டே, சோறு பதமாகிவிட்டதா என்று பார்க்கும்படி இன்னொருவரிடம் சொன்னார். சிறிது நேரத்தில் எம் கையிலும் ஒரு கத்தி தரப்பட்டது. அதன் பிறகு அவர் ஒரு மணிநேரம் பேசினார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குறிப்பெடுக்க எமக்கு மனம் வரவில்லை. ஆகையால் இக்கட்டுரையில் அவர் பேச்சு இல்லை.

மூன்றாமவர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர்; மேசன் வேலை செய்பவர். குடியை விட்டு நான்கு ஆண்டுகள் என்றார். இப்போது ஊரில் வேறு சிலரையும் அப்பழக்கத்திலிருந்து மீட்க முயல்கிறார். அவர் கூற்றை ஒலிப்பதிவிலிருந்து அவ்வாறே தருகின்றோம்: "சந்நிதியிலை நேர்த்தி வைச்சு விட்டனான். விட்டது சரி. ஆனா பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எங்கை போறதெண்டு தெரியேல்லை. குடிக்கேக்கை எல்லாரும் ஒண்டா இருந்துதான் குடிச்சனாங்கள், அதிலை சாதி ஒண்டும் பாக்கேல்லை. விட்டாப் பிறகு ஆளாள் தங்கடை தங்கடை வீட்டை போட்டினம்."

இக்கூற்றை ரகுநாதனின் கதைக்கு எதிரே வைத்துப் படித்தல் வேண்டும். குடியின் தீமை பற்றிய விவாதத்தை இது மறுக்கவில்லை. அந்த இளைஞர் எவரையும்விட நன்கு அதை அறிந்தவர். ஆனால் மதுவிலக்குப் பிரசாரம் கணக்கில் எடுக்காத ஒன்றை அவர் கண்டுகொண்டார். இச்சமூகத்தில் வேறு எங்கும் கிட்டாத சமபந்தி ஒன்று குடிக்கும் இடத்தில் மட்டும் கிட்டிற்று. தன்னை மாற்றிக்கொண்ட மனிதன் அப்பந்தியை இழந்தான். ஈடாக வேறொரு பந்தியை எந்தச் சீர்திருத்தவாதியும் விரித்து வைக்கவில்லை. நிலவிலே பேசியோர் பேசி முடித்து எழுந்த பிறகு எங்கே சென்றனர் என்ற கேள்வியை அறுபது எழுபது ஆண்டுகளின் பின்னர் ஒரு மேசன் தொழிலாளி எழுப்பியுள்ளார். தனிமனித மாற்றமா சமூக மாற்றமா எது முதலில் என்ற பழைய வாதம் அவரளவில் அர்த்தமற்றது. அவருக்கு வேண்டியது ஆறு மணிக்குப் பிறகு சென்று இருக்க ஓர் இடம். அன்று மாலை எம்மோடு பேசிக்கொண்டிருந்தபோது மணி ஆறரை ஆகியிருந்தது என்பதையும் அவரே சுட்டிக்காட்டிச் சிரித்தார்.

நான்காமவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. ஆற்றங்கரையிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ள ஒரு குடியிருப்பைச் சேர்ந்த நடுத்தர வயதுப் பெண்மணி. மாதர் சங்க வேலைகளில் முன்னிற்பவர். ஒடுக்கப்பட்ட சமூகமொன்றைச் சேர்ந்தவர் என்பதை அவரே பேச்சில் வெளிப்படையாகச் சொன்னார். போருக்குப் பின் வடக்கில் பரவிய நுண்கடன் நிறுவனங்களின் பிடியில் அகப்பட்ட பெண்களை ஒன்றுசேர்த்துச் சிறு சேமிப்புக் குழு ஒன்றை நடத்துகின்றார். வாராவாரம் தவணைப்பணம் கேட்டுப் படலையில் வந்து நிற்கும் ஆள்களுக்குப் பயந்து பெண்கள் காணிக்குள் ஒளிந்த நாள்களை விவரித்தார். இந்நிறுவனங்கள் அறவிடக்கூடிய வட்டிக்கு 2018இல் மத்திய வங்கி 35 வீத உச்சவரம்பு விதித்தது. அந்த முப்பத்தைந்தே எவ்வளவு பெரிய எண் என்பதை அவர் ஒரு பிடி அரிசியைக் கையிலெடுத்துப் பிரித்துக் காட்டி விளக்கினார். பொருளியல் விரிவுரையில் நாம் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

ஆனால் அரிசியைப் பிரித்துக் காட்டியது இரண்டாம் சந்திப்பில். முதற் சந்திப்பு ஆற்றங்கரையில் நிகழ்ந்தது. சந்நிதித் திருவிழா நடந்துகொண்டிருந்த ஆவணி வளர்பிறைக் காலம். எம்மைக் கண்டதும் அவர் தம் வீட்டுக்கு அழைத்தார். ஒலிப்பதிவில் அவரது குரல் தெளிவாக உள்ளது: "உள்ளுக்கை வாங்கோ சேர், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்." அதற்கு எமது மறுமொழியும் அதே தெளிவுடன் உள்ளது: "பரவாயில்லை அக்கா, நல்ல காத்தா இருக்கு, இதிலையே இருந்து கதைப்பம்." பின்னர் ஒரு சிறு இடைவெளி. "ஓம், அதுவும் நல்லதுதான்," என்கிறார் அவர்.

அன்று அதில் நாம் எதையும் உணரவில்லை. மூன்று வாரங்களின் பின் பதிவை எழுத்தில் வடித்த மாணவி அப்பகுதியின் ஓரத்தில் பென்சிலால் ரகுநாதனின் கதைத் தலைப்பை மட்டும் எழுதி, வேறொன்றும் கூறாமல் எம் மேசையில் வைத்துவிட்டுச் சென்றார்.

எமது தரப்பில் நியாயங்கள் இருந்தன. அவருக்குச் சிரமம் கொடுக்கவேண்டாம் என்று எண்ணினோம். அடுத்த சந்திப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. காற்று மெய்யாகவே நன்றாக இருந்தது. இக்காரணங்களுள் ஒன்றேனும் பொய்யன்று. மதுவிலக்குப் பிரசாரகரின் நிலவும் பொய்யன்று. சாதி பார்ப்பவர்கள் அல்லர் என்று தம்மைப் பற்றி நம்புவோர் ஒரு வீட்டுப் படியை ஏறாதிருக்க எத்தனை மெய்யான காரணங்களைக் கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு எமது ஒலிப்பதிவே சான்றாகிவிட்டது. எமது மனத்தில் தீட்டு என்ற எண்ணம் இருந்ததா எனின், இல்லை என்றே நேர்மையாகச் சொல்வோம். ஆயின் அப்பெண்மணி எமது மனத்தைக் காணமுடியாது. அவர் கண்டது, பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மூவர் தம் வீட்டுத் தேநீரை மறுத்துவிட்டு மணலில் உட்கார்ந்ததை. அதற்கு அவர் வாழ்க்கையில் ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. நோக்கம் சொல்பவனிடத்திலும் பொருள் கேட்பவரிடத்திலும் இருக்கும்போது, விமரிசகன் எதனை ஆராயவேண்டும் என்ற வினா இங்கு எழுகின்றது. கதைகளைப் பற்றிப் பேசுகையில் வாசகரிடத்தே பொருள் பிறக்கின்றது என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம்.

மறு மாதம் மீண்டும் சென்றோம். இம்முறை அழைப்புக்குக் காத்திராமல் படலையில் நின்று கூப்பிட்டோம். அவர் வியப்புக் காட்டவில்லை. முன் விறாந்தையில் இரண்டு கதிரைகள் இருந்தன. எம்மை அதில் இருத்திவிட்டு உள்ளே சென்றார். மாணவி எழுந்து அவர் பின்னே அடுப்படிக்குச் சென்றுவிட, சிறிது நேரத்தில் நாமும் சென்றோம். அங்குதான் அரிசிக் கணக்கு நடந்தது.

இரு சந்திப்புகளின் எழுத்து வடிவங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டபோது வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. ஆற்றங்கரையில் அவர் அறிக்கை படிப்பதுபோலப் பேசியுள்ளார். இத்தனை அங்கத்தவர், இவ்வளவு சேமிப்பு, இன்ன அதிகாரி வந்து பாராட்டினார். வாக்கியங்கள் முழுமையானவை, அரைவாசி எழுத்துத் தமிழ். 'வலுவூட்டல்' என்ற சொல் ஐந்து முறை வருகின்றது. அடுப்படியில் அச்சொல் ஒரு முறையும் வரவில்லை. அங்கு வாக்கியங்கள் முறிகின்றன. அடுப்பைப் பார்க்கத் திரும்புகின்றார். எம்மிடம் கேள்வி கேட்கின்றார். தமது குழுவிலேயே ஒரு பெண் பொது நிகழ்வுகளில் அருகே இருந்து உண்பவர், தமது மகனின் கலியாணத்துக்கு வந்து மாலையிலேயே சாப்பிடாமற் போனதைச் சொன்னார். அந்தப் பெண்ணை அவர் இன்றும் குழுவில் வைத்திருக்கின்றார். கடனைக் கட்டி முடிக்க உதவியும் இருக்கின்றார். ஏன் என்று கேட்டோம். "அவவும் பாவம்தானே, அவவின்ரை மாமி விட்டிருக்க மாட்டா" என்பது பதில். வாசற்படியின் உட்புறக் காவல் பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதையும், அக்காவலில் அவர்களே கைதிகளாயிருப்பதையும் இதைவிடச் சுருங்கச் சொல்ல முடியுமோ என்பது ஐயமே. சீர்திருத்தவாதிகளின் கதைகளை எழுதிய ஆண்கள், தேநீர்க் கோப்பையை யார் கழுவினார் என்பதைக் கேட்டிருந்தால் நம் இலக்கியம் வேறொரு வழியில் சென்றிருக்கும்.

இதிலிருந்து ஆற்றங்கரைப் பேச்சு பொய், அடுப்படிப் பேச்சு மெய் என்ற முடிவுக்கு வருதல் பிழையாகும். பொது இடத்தில் தம் சாதனைகளை எண்களோடு அடுக்கிச் சொல்லும் உரிமையை அவர் பெரும்பாடுபட்டுப் பெற்றிருக்கின்றார். அவருடைய தாயின் தலைமுறைக்கு அது இருக்கவில்லை. முழுமையான வாக்கியத்தில் பேசுவதும் ஓர் ஆசனமே. எம்மைப் போன்றோர் தேடி வரும் 'இயல்பான பேச்சு' என்பது சில வேளைகளில் பிறர் வீட்டுத் துயரத்தின்மீது கொண்ட பேராசையாகவும் இருக்கக்கூடும். அடுப்படியில் கேட்ட பலவற்றை இங்கு நாம் எழுதவில்லை. மேலே எழுதியதையும் அவரிடம் வாசித்துக் காட்டி அவர் இசைந்த பின்னரே எழுதினோம். மகனின் கலியாணம் பற்றிய பகுதியை நீக்கிவிடலாமா என்று கேட்டபோது, அதுதான் இருக்கவேண்டும் என்றார்.

அடுப்படிப் பதிவின் இறுதிப் பகுதியில் அவர் கேட்ட கேள்வி ஒன்று உள்ளது. "பல்கலைக்கழகப் பக்கம் நாங்கள் ஒரு நாளைக்கு வந்தா, உங்கடை வீட்டை எந்தப் பக்கம் சேர்?" பாதையை விளக்கினோம். திருநெல்வேலிச் சந்தியிலிருந்து எந்த ஒழுங்கையில் திரும்புவது, எந்த மதிலில் என்ன அடையாளம் என்பதெல்லாம் பதிவில் உள்ளன. என்றைக்கு வருகிறீர்கள் என்று நாம் கேட்டதாகப் பதிவில் இல்லை. கேத்தில் மூடி அதிரும் ஓசையும், கடைசி பஸ் புறப்பட நேரமாகிவிட்டது என்று மாணவர் ஒருவர் சொல்வதும் கேட்கின்றன.